கோணல் பாய்மரம்

தூத்துக்குடி,
ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம், ஞாயிறு மத்தியானம்.

கர்த்தருக்குள் அன்பான மருமகள் ஜெப்ஸிக்கு உன் தாய்மாமன் கிளாட்வின் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஷாமும் பேத்தி பெனிஷாவும் சுகமாக இருக்க அக்கா தினமும் ஜெபிக்கிறாள். நான் ஆமென் சொல்கிறேன்.

நடந்தது அத்தனையையும் நான் முன்னாலேயே சொன்னவன், தெரிந்துகொள். கிறிஸ்மஸுக்குக் கோவில் வாசலில் நட்சத்திரம் கட்டும்போது உன் அப்பா ஏணியில் ஏறவில்லை. கீழே நாற்காலியில் இருந்துகொண்டு, இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம் என்று கையை மட்டும் ஆட்டினார். அப்பவே அக்கா காதில் சொன்னேன், அத்தான் அடுத்த நட்சத்திரத்தைப் பார்க்க மாட்டார் என்று. அக்கா என் வாயிலேயே ஒரு போடு போட்டாள். தை மாசத்தில் மழை வரும் என்றேன், அடக்கத்தன்றைக்கு வந்தது. அடக்கத்தை லைவ் போடுகிறவன் செட்டைப் பார்த்ததும் இது பாதியில் அறுந்துபோகும் என்றேன், அறுந்தது. ஹார்பரில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டினவனுக்கு எந்தக் கயிறு எப்போது அறும் என்று தெரியாதா? நீ வரமாட்டாய் என்றும் சொன்னேன் ஏளா. அது ஒன்று மட்டும் பலிக்காமல் போகட்டும் என்று முழங்காலில் நின்றேன். அதுவும் பலித்துவிட்டது.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. போனை எடுத்தால் பேசியிருப்பேன். நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் ஷாம் மாப்பிள்ளையிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேன். சரி, பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை லைவில் பார்த்திருப்பாய். அது கால்வாசிகூடக் கிடையாது. மணப்பாட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். பஸ் என்றால் வேன். ஆனால் நெருக்கிப்பிடித்து வந்தார்கள். கலெக்டர் வருவதாக இருந்தது, அவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருந்தால் கட்டாயம் வந்திருப்பார். அம்புரோஸ் அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்கும், மாலத்தீவுக்குத் தோணி விடுகிறவர். நம்ம சபை இல்லை, மாதாகோவில்காரர். பெட்டிப் பக்கத்தில் வந்து சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். என் தோணிப் பேரை டிராயிங் சார்தான் எழுதுனாரு, கடலு எல்லாப் பெயிண்டையும் தின்னுட்டு, சார் எழுத்த மட்டும் தின்னல என்றார். அதன் ரகசியம் எனக்குத் தெரியும். முத்துச் சிப்பியைச் சுட்டு இடித்து, மாவாகச் சலித்து வெள்ளையில் கலப்பார். சிப்பி பொறுக்கிக் கொடுத்தது நான்தான். பாதி சிப்பி. மீதி அவரே பொறுக்கினார்.

பெட்டியை மூடுகிற நேரத்தில்தான் லைவ் அறுந்தது. நீ டியூட்டி உடுப்போடு ஆஸ்பத்திரியில் கை கழுவுகிற இடத்தில் நின்று பார்த்தாயாம். படம் நின்றுபோன பிறகும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாயாம். ஷாம் மாப்பிள்ளை சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு நீ அனுப்பினாயே ஒரு வாய்ஸ், அதைப் பற்றித்தான் இந்தக் கடுதாசி. ஊர்ல உள்ளவன் படத்தையெல்லாம் அப்பா திருத்துனாரு, என் மக வரைஞ்ச யானையக்கூடத் திருத்துனாரு, என் படத்துல மட்டும் ஒரு கோடு போடல, நான் யாருக்காக அழணும் என்று கேட்டாய். அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டாய். அக்கா அந்த வாய்ஸைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள். உலையில் அரிசி கொதிக்கும்போது போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக் கேட்கிறாள். அடுத்த வீட்டுக்காரிக்கே உன் பேச்சு மனப்பாடம். அத்தானின் அறையைத் திறக்க விடமாட்டேன் என்கிறாள். உள்ளே பெயிண்ட் டப்பாக்கள் இறுகிக்கொண்டிருக்கும். மூடியைத் திருகி வைக்காமலேயே ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். ஜெப்ஸி வந்து திறக்கட்டும் என்கிறாள். சோறு பெயருக்குத்தான். பிசைகிறாள், எழுந்துபோகிறாள்.

நீ சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை ஏளா. அவர் திருத்தாத பொருள் இந்தத் தூத்துக்குடியில் கிடையாது. சலூன்காரன் போர்டில் இருந்த மனுஷனுக்கு ஒரு காது கீழே இறங்கிவிட்டது என்று முடிவெட்டப் போன இடத்தில் ஸ்டூல் போட்டு ஏறினார். கோவில் சுவரில் யாரோ வரைந்த ஆட்டுக்குட்டி நாய் மாதிரி இருக்கிறது என்று, சபை ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே மடியில் பேப்பர் வைத்துத் திருத்திப் பார்த்தார். என் கல்யாணத்துக்குச் செய்த கேக்கில் இருந்த ரோஜாவைக் கத்தி முனையால் சரிபண்ணினார். நான் தாலி கட்டும்போது அவர் பார்வை கேக்கில்தான் இருந்தது. பெனிஷா யானை வரைந்து அனுப்பினபோது போனிலேயே விரலால் தும்பிக்கையை நீட்டித் திருப்பி அனுப்பினார். கூடவே, தும்பிக்கை தரையைத் தொடணும் கண்ணு, இல்லாட்டி அது எப்படித் தண்ணி குடிக்கும் என்று ஒரு வாய்ஸ். அன்றைக்கெல்லாம் வருகிறவன் போகிறவனிடம் யானையைக் காட்டினார். பால்காரனிடமும் காட்டினார்.

வீட்டு ஆட்கள் என்றால் அவருக்கு அப்படி ஒரு உயிர். கிறிஸ்மஸ் நாடகத்துக்கு அவர் வரைந்த பெரிய திரை உனக்குத் தெரியும். அதில் வானத்தில் பறக்கிற தேவதூதனுக்கு அக்கா முகம், தாடையில் மச்சம் உட்பட. தேவதூதனுக்கு மச்சம் உண்டா சார் என்று ஐயர் கேட்டதற்கு, வேதத்தில இல்லன்னு எங்க எழுதியிருக்கு என்றார். பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று சாஸ்திரிகளில் நடுவில் நின்றவன் நான். கிரீடம் வைத்த ராஜா. ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் என்று சிலர் சொல்வார்கள், அவர்களுக்குக் கண் பத்தாது. கீழே மாட்டுத்தொழுவத்தில் இரட்டைச் சடையோடு எட்டிப் பார்க்கிற பிள்ளை நீ. பெத்லகேமில் இரட்டைச் சடை!

அப்படிப்பட்ட மனுஷன், நீ சென்னையில் படம் வரைகிற காலேஜுக்குப் போகிறேன் என்று கேட்டபோது, வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்றைக்கு நானும் வீட்டில் இருந்தேன். இந்த வீட்ல படம் வரைஞ்சு அவமானப்பட ஒரு ஆள் போதும் என்றார். உன் காதில் அவமானம் என்கிற சொல் விழுந்ததா, வேண்டாம் என்பது மட்டும் விழுந்ததா, தெரியாது. நீ நர்சிங் போனாய்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவர் ரிட்டயர் ஆன அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உனக்கு அப்போது பெங்களூரில் பரீட்சை. மாலை போட்டுப் பள்ளிக்கூட மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். அத்தானின் டிராயிங் பீரியடை இத்தனை வருஷமாக வாங்கிக்கொண்டே இருந்த கணக்கு சார்தான் வாழ்த்திப் பேசினார். பொதுத் தேர்வு வருகிறது, உங்கள் பீரியடைக் கொடுங்கள் என்பார். அத்தானும் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். அந்தக் கணக்கு சார் மைக்கைப் பிடித்து, நம்முடைய பி.டி. மாஸ்டர் கிருபாநிதி அவர்கள் என்று ஆரம்பித்தார். விளையாட்டு வாத்தியாராம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அத்தானும் சிரித்தார். நான் எழுந்து அந்தக் கணக்கு சார் சட்டையைப் பிடித்தேன். பிடிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஏலே கிளாட்வின், எனக்கு விசில் ஊதத் தெரியுமா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இனி உன் படத்துக்கு வருகிறேன். நர்சிங் போவதற்கு முன்னால் பழைய ஹார்பரில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வரைந்தாயே, பழுது பார்க்கக் கரையில் ஏற்றி ஒருக்களித்துக் கிடத்தின தோணி. பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற ஆட்கள். அதை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். லீவுக்கு வந்து பார்த்தபோது வைத்த இடத்தில் வைத்த மாதிரி இருந்தது, பென்சில் படவில்லை. அன்றையிலிருந்து நீ படம் வரைவதை விட்டாய். அவரும் நீயும் பேசிக்கொண்டீர்கள், சிரித்தீர்கள், கல்யாணம் காட்சி எல்லாம் நடந்தது. ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் தோணி கிடந்தது.

அந்தப் படம் எங்கே என்று நீ கேட்கவே இல்லை. அவர் அறையில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, உப்புக் காற்று படாமல் அலமாரிக்குள்ளே வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் வருஷா வருஷம் எடுத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று வெயிலில் பார்ப்பார். போன வருஷம் நானும் கூட நின்று பார்த்தேன். நல்ல படம் ஏளா. பஞ்சு அடைக்கிறவன் முதுகு அப்படியே வேர்க்கிறது. பாய்மரம் மட்டும் தோணியோடு சேர்ந்து சாயாமல் தன் போக்கில் வேறு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதை நான் கண்டுபிடித்துவிட்டேன், நாற்பது வருஷம் ஹார்பரில் கிடந்தவன் அல்லவா.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நானும் அவரும் தனியாக இருந்தோம். அக்கா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது நான் தைரியமாகக் கேட்டேன். ஏன் அத்தான், ஊரார் படத்தில் எல்லாம் கை வைக்கிறீர்களே, இந்தப் பிள்ளை படத்தில் மட்டும் ஏன் ஒரு கோடுகூடப் போடவில்லை என்று. அவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் அப்படியே வெளிச்சம் போட்ட மாதிரி ஆனது. ஏலே கிளாட்வின், அதுல திருத்த என்ன இருக்கு, திருத்த ஒண்ணுமில்லாத படம் என் ஆயுசுல அது ஒண்ணுதான் என்றார். இரண்டு கையையும் தூக்கி உன்னை ஆசீர்வாதம் பண்ணினார். நான் என் காதால் கேட்டேன்.

ஆகையால் மருமகளே, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை உண்டு. அதற்கு முன்னால் அவர் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைக்க வேண்டும். ஊரில் எல்லோர் கல்லறையும் வெள்ளையாக நிற்கும்போது இவருடையது மண் மேடாகக் கிடந்தால் அவர் எழுந்துவந்து திருத்துவார். லீவு எழுதிக் கேள். பெனிஷாவையும் கூட்டிக்கொண்டு வா.

இவ்வளவோடு முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன் ஏளா. மேலே கோடு போட்டு அடித்திருப்பதைப் பார், அதுதான் அந்தக் கையெழுத்து. கவரில் போடுவதற்கு முன்னால் அக்கா, வாசி என்றாள். நானும் நல்ல ராகத்தோடு வாசித்தேன். கலெக்டருக்குச் சிரித்தாள், அத்தான் போன பிறகு முதல் சிரிப்பு அது. ஒட்டகத்துக்கும் சிரித்தாள். பி.டி. மாஸ்டருக்குக் கண்ணைத் துடைத்தாள். திருத்த ஒன்றுமில்லாத படம் என்ற இடம் வந்ததும், நிறுத்து என்றாள்.

ஏலே, அவரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாருலே என்றாள். என்னைக் கட்டின புதுசுல என்னையப் படமா வரைஞ்சாரு, எதிர்ல இருக்க என்னைய விட்டுட்டு மூக்கத் திருத்தி வரைஞ்சாரு, பொய் சொல்லி அந்தப் பிள்ளையக் கூப்பிடாத, அந்தப் பாய்மரம் கோணல்தானலே என்றாள். அக்காவும் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை. உள்ளத எழுது, வந்தா வாரா, வராட்டி போறா என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உள்ளதை எழுதுகிறேன். நான் கேட்டது நிஜம். அவர் சொன்னதாக எழுதினது பொய். அவர் நிமிர்ந்து உட்காரவில்லை, உட்காரத் தெம்பு இல்லை. வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினதும் நான் சேர்த்ததுதான். நான் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு, பென்சில் இருக்கா என்று கேட்டார். என் சட்டைப் பையில் ஒரு குட்டைப் பென்சில் இருந்தது, கொடுத்தேன். வரைகிறதற்குப் பிடிக்கிற மாதிரியே பிடித்தார், சாய்த்து, நுனியில் விரல் படாமல். படத்தை எடுத்துக்கொண்டு வரவா அத்தான் என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பென்சிலைத் திருப்பித் தரவில்லை. கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினார். நர்ஸ் வந்து ஊசி போட விரலைப் பிரித்துத்தான் எடுத்தாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வேறு யாரைப் பற்றியும் சொல்லவில்லை.

ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியாது ஏளா. எல்லாம் தெரிந்தவன் நான், இது தெரியாது. அந்தப் பென்சில் அக்காவின் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. படம் பூட்டின அறைக்குள்ளே, அவர் வைத்த இடத்தில். பாய்மரம் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது. நிமிர்த்துவியோ அப்படியே விடுவியோ, அது உன் கை, உன் பாடு. வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டோம்.

வந்துரு தாயி. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வரும்போது என்று மட்டும்தான் முதலில் எழுத நினைத்தேன்.

இப்படிக்கு,
இந்தப் பக்கத்தில் மட்டும் பொய் எழுதாத உன் மாமன்,
கிளாட்வின்.